நெடுந்தீவுக்குப் படகு ஏறாமல் வி.பி.என். அமைப்பது

யாழ்ப்பாணத்தில் வி.பி.என். என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது சமூக ஊடகத் தடைதான். 2018 மார்ச்சில் ஒருமுறை, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒருமுறை, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இன்னொரு முறை என்று பேஸ்புக்கை முடக்கியபோது, போனில் ஏதோ ஒரு இலவச ஆப்பை இறக்கிச் சமாளித்தவர்கள் நிறையப் பேர். அந்த வி.பி.என். வேறு வகை. அது யாரோ ஒருவரின் சேர்வர் வழியாக வெளியுலகுக்குப் போவதற்கானது. நான் சொல்லப்போவது, உங்களுடைய சொந்தக் கணினிகள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே அறைக்குள் இருப்பதுபோலப் பேசிக்கொள்ளச் செய்யும் வி.பி.என்.

நான் பார்த்துக்கொள்ளும் இடம் நகரில் உள்ள ஒரு மருத்துவ ஆய்வுகூடம். அதற்கு சாவகச்சேரி, பருத்தித்துறை, மானிப்பாய், கிளிநொச்சி, நெடுந்தீவு என ஐந்து இடங்களில் இரத்த மாதிரி எடுக்கும் சிறிய நிலையங்கள். ஒவ்வொன்றிலும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட ஒரு மினி கணினியும் ஒரு 4ஜி ரவுட்டரும் இருக்கின்றன. அங்கே பதிவதெல்லாம் நகரில் உள்ள சேர்வருக்கு வரவேண்டும், முடிவுகள் திரும்பிப் போகவேண்டும். நோயாளியின் விவரங்கள் திறந்த இணையத்தில் போகக்கூடாது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிச்சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எவருடைய சீனி அளவும் எவருக்கும் தெரியவேண்டியதில்லை.

ஐந்து கணினிதானே, கையாலேயே செய்துவிடலாமே என்று நானும் நினைத்தேன். செய்தேன். ஆறு மாதத்தில் ஐந்தும் ஐந்து விதமாகிவிட்டன. ஒன்றில் நான் அவசரத்தில் மாற்றிய ஒரு வரி மற்ற நான்கிலும் இல்லை, ஏன் மாற்றினேன் என்பதும் நினைவில்லை. பருத்தித்துறை என்றால் 750 பஸ்ஸில் போய்வரலாம். நெடுந்தீவு என்றால் குறிகாட்டுவானில் படகு ஏறவேண்டும், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அதனால்தான் அன்சிபிள்.

இரண்டு கருவிகளைப் பற்றியும் சுருக்கமாக. வயர்கார்ட் என்பது ஜேசன் டொனன்பெல்ட் எழுதிய வி.பி.என். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 5.6இலிருந்து அது கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அமைப்புக் கோப்பு பத்துப் பன்னிரண்டு வரிதான், புதியவர் படித்து விளங்கிக்கொள்ளலாம். இன்னொரு வி.பி.என். கருவியான ஓபன்வி.பி.என். இன்றும் நல்லதுதான், ஆனால் சான்றிதழ், அதிகாரச் சான்றிதழ் என்று ஒரு குடும்பத்தையே கட்டி மேய்க்கவேண்டும். அன்சிபிள் 2012இல் வந்தது. ஒரு கணினியில் இருந்துகொண்டு மற்றக் கணினிகளுக்கு எஸ்.எஸ்.எச். (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகப் போய், நீங்கள் எழுதிவைத்தபடி அவற்றை ஒழுங்குபடுத்தும். மறுபக்கத்தில் எஸ்.எஸ்.எச்.சும் பைத்தன் மொழியும் இருந்தால் போதும், தனியாக எதுவும் நிறுவவேண்டாம்.

இங்கே கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ஒரு தாள்

கணினியைத் திறக்கமுன் ஒரு தாளில் பட்டியல் எழுதுங்கள்: கணினியின் பெயர், அது இருக்கும் இடம், அதற்குக் கொடுக்கப்போகும் வி.பி.என். முகவரி. முகவரிக்கு 192.168.1 என்று தொடங்கும் எண்களைத் தொடவேண்டாம். வீட்டு ரவுட்டர்களில் ஏராளமானவை அந்த எண்களையே பாவிப்பதால், நிலையத்தின் உள் வலையும் உங்கள் வி.பி.என். வலையும் ஒரே எண்ணில் மோதும். நான் 10.77.0.0/24, அதாவது 10.77.0 என்று தொடங்கும் முகவரிகளை எடுத்துக்கொண்டேன், 254 முகவரிகள் கிடைக்கும். எல்லோரும் வந்து சந்திக்கும் நடுச் சேர்வருக்கு 10.77.0.1, ஆய்வுகூடச் சேர்வருக்கு 10.77.0.2, நிலையங்களுக்கு 11இலிருந்து, ஆட்களின் லப்டொப்களுக்கு 101இலிருந்து.

இந்தத் தாள்தான் பிறகு அன்சிபிளின் இன்வென்ரறிக் கோப்பாக மாறும். பட்டியலில் உள்ளது வலையில் இருக்கவேண்டும், பட்டியலில் இல்லாதது வலையில் இருக்கக்கூடாது. மற்ற எல்லாவற்றையும் இதற்காகத்தான் செய்கிறோம்.

நடுச் சேர்வர் எங்கே?

வலையில் உள்ள கணினிகளில் ஒன்றாவது, வெளியிலிருந்து எட்டக்கூடிய பொது முகவரியோடு இருக்கவேண்டும். 4ஜி இணைப்புகளில் அது பெரும்பாலும் கிடைக்காது. ரவுட்டருக்கு வந்திருக்கும் வெளி முகவரி 100.64இலிருந்து 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். அப்போது போர்ட் (கணினிக்குள் வரும் வாசல் எண்) திறந்து பயனில்லை. ஆகவே மாதம் சில டொலருக்குச் சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ ஒரு சிறிய கிளவுட் சேர்வர் எடுங்கள். எல்லோரும் அங்கே வந்து சந்திப்பார்கள். ஆய்வுகூடச் சேர்வரும் அதோடு வந்து இணையும் ஒரு கிளையன்ற் மட்டுமே.

அதில் திறக்கவேண்டியது யு.டி.பி. 51820 என்ற போர்ட் (யு.டி.பி., ரி.சி.பி. இரண்டும் தரவு அனுப்பும் முறைகள்). இரண்டு இடத்தில் திறக்கவேண்டும்: சேர்வருக்குள் உள்ள யு.எப்.டபிள்யூ. என்ற பாதுகாப்புச் சுவரில் ஒன்று, கிளவுட் நிறுவனத்தின் இணையப் பலகையில் இன்னொன்று. அதற்குப் பதில் ரி.சி.பி. திறந்துவிட்டு இரவு முழுக்க விழித்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பிறகு, ஒரு கணினியிலிருந்து வருவதை இன்னொன்றுக்குக் கடத்தும் ஐ.பி. பார்வேர்டிங்கை இயக்கவேண்டும், இல்லாவிட்டால் நிலையங்கள் சேர்வர்வரை வந்து அங்கேயே நின்றுவிடும். யு.எப்.டபிள்யூ. இயல்பாகவே ஊடுசெல்லும் போக்குவரத்தை மறிக்கும் என்பதால், டபிள்யூ.ஜி.0 என்ற வயர்கார்ட் இணைப்பில் வந்து அதிலேயே வெளியேறுவதற்கு ஒரு ரவுட் அலவ் விதியும் வேண்டும்.

ஒரு தடவை கையால்

அன்சிபிளைத் தொடமுன் ஒரேயொரு கணினிக்குக் கையால் செய்துபாருங்கள். கையால் செய்யத் தெரியாத வேலையைத் தானியங்கியிடம் கொடுத்தால், அது பிழையையும் ஐந்து இடத்துக்குத் தானாகவே கொண்டுபோகும்.

வயர்கார்ட் பொதியை ஏ.பி.ரி. மூலம் நிறுவுங்கள். டபிள்யூ.ஜி. ஜென்கீ என்ற கட்டளை ஓர் இரகசியத் திறப்பை (சாவியை) தரும், டபிள்யூ.ஜி. பப்கீ அதிலிருந்து பொதுத் திறப்பை எடுத்துத் தரும். இரண்டும் 44 எழுத்துக் கொண்டவை, பார்வைக்கு ஒரேமாதிரி இருக்கும். மாறிப்போனால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, வெறும் மௌனம்தான்.

கிளையன்ற் கோப்பில் இரண்டு பகுதி. இன்ரபேஸ் என்ற தலைப்பின் கீழ் இந்தக் கணினியின் திறப்பும் முகவரியும். பியர் என்ற தலைப்பின் கீழ் சேர்வரின் பொதுத் திறப்பு, எண்ட்பொயின்ற் என்ற சேர்வர் முகவரியும் போர்ட்டும், அலவ்ட் ஐ.பி.ஸ், பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்.

புதியவர்கள் தடுக்கி விழுவது அலவ்ட் ஐ.பி.ஸ் வரியில். அது அனுமதிப் பட்டியல் மட்டுமல்ல, வழிகாட்டிப் பலகையும்கூட. 0.0.0.0/0 என்று எழுதினால் அந்தக் கணினியின் முழு இணையமும், யூடியூப் உட்பட, சிங்கப்பூர் போய்த்தான் வரும். 10.77.0.0/24 என்று எழுதினால் ஆய்வுகூட வேலை மட்டும் சுரங்கத்துக்குள் போகும், மற்றது வழமைபோல வெளியே. டேட்டா பக்கேஜ் கணக்குப் பார்க்கும் நிலையங்களுக்கு இரண்டாவதுதான் சரி. சேர்வர்ப் பக்கக் கோப்பில் இதே வரியில் ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் ஒற்றை முகவரியை /32 என்று கொடுங்கள். இரண்டு பேருக்கு ஒரே முகவரி கொடுத்தால் கோப்பில் கடைசியாக எழுதப்பட்டவரிடம் அது போய்விடும், முதலாமவர் வழியில்லாமல் நிற்பார்.

கீப்அலைவுக்கு 25 விநாடி. ரவுட்டர் கொஞ்ச நேரம் சத்தமில்லாவிட்டால் திறந்த வாசலை மூடிவிடும், இந்த எண் அவ்வப்போது தட்டிக்கொண்டிருக்கும். எண்ட்பொயின்ற்றில் நான் பெயர் போடாமல் ஐ.பி. எண்ணையே போடுகிறேன். கரண்ட் போய் வரும்போது கணினி எழும்பிவிடும், ரவுட்டர் இன்னும் கண் கசக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பெயரைத் தேடிக்கொண்டு நிற்காது என்பதே காரணம்.

அன்சிபிளைத் தயார்செய்தல்

உங்கள் சொந்த லப்டொப்பில் உபுண்டு இருந்தால் நேரே நிறுவலாம். விண்டோஸ் என்றால் டபிள்யூ.எஸ்.எல். உள்ளே நிறுவுங்கள், அன்சிபிளை நடத்தும் கணினியாக விண்டோஸ் நேரடியாக உதவாது. எஸ்.எஸ்.எச். திறப்பு ஒன்று உருவாக்கி எஸ்.எஸ்.எச். கொப்பி ஐ.டி. மூலம் ஒவ்வொரு மினி கணினியிலும் பதியுங்கள். பிறகு இன்வென்ரறியில் பெயர்களை எழுதி, அன்சிபிளின் பிங் மொட்யூலை (ஒரு வேலையைச் செய்யும் துணுக்கை) எல்லோருக்கும் அனுப்பினால் பொங் என்று பதில் வரும். இது நாம் அறிந்த வலைப் பிங் அல்ல. உள்நுழைய முடிகிறது, பைத்தன் இருக்கிறது என்று அர்த்தம்.

அன்சிபிளுக்கு எழுதும் யாமல் வகைக் கோப்புகளில் ராப் விசையை அழுத்தவேண்டாம், இடைவெளி மட்டும்தான். கோப்பு அனுமதி எண் 0600ஐ மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள், குறி இல்லாமல் விட்டால் சில இடங்களில் வேறு எண்ணாக வாசிக்கப்படும்.

கிளையன்ற் பிளேபுக்

பிளேபுக் என்பது அன்சிபிள் செய்யவேண்டிய பணிகளின் பட்டியல். வரிசை இது. வயர்கார்ட் பொதியை நிறுவு. இரகசியத் திறப்பு இல்லையென்றால் மட்டும் உருவாக்கு. பொதுத் திறப்பை எடு. அமைப்புக் கோப்பை வார்ப்புருவிலிருந்து எழுது. டபிள்யூ.ஜி. குயிக் சேவையை இயக்கி, கணினி தொடங்கும்போது தானாகத் தொடங்கும்படி செய்.

“இல்லையென்றால் மட்டும்” என்ற சொற்களைக் கவனியுங்கள். கட்டளை மொட்யூலில் கிரியேற்ஸ் என்ற வரியில் திறப்புக் கோப்பின் பாதையைக் கொடுத்தால், அந்தக் கோப்பு இருக்கும்போது கட்டளை ஓடாது. இதை மறந்தால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புதுத் திறப்பு பிறக்கும், பழைய பூட்டு திறக்காது.

இரகசியத் திறப்பு பிறந்த கணினியை விட்டு வெளியே வரவேண்டியதே இல்லை. பலர் எல்லாத் திறப்பையும் தங்கள் லப்டொப்பில் உருவாக்கி எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். அந்த லப்டொப் களவு போனால் முழு வலையும் போனதுதான். நான் செய்வது: வார்ப்புருவில் இரகசியத் திறப்பு வரியையே எழுதுவதில்லை. அதற்குப் பதில் போஸ்ட்அப் வரியில், இணைப்பு எழுந்தவுடன் டபிள்யூ.ஜி. செற் கட்டளை அந்தக் கணினியிலேயே உள்ள திறப்புக் கோப்பை வாசிக்கும்படி எழுதுகிறேன். வெளியே வருவது பொதுத் திறப்பு மட்டும். அதை ஸ்லர்ப் மொட்யூலால் எடுத்து, என் லப்டொப்பில் ஹோஸ்ட் வார்ஸ் என்ற, ஒவ்வொரு கணினிக்குமான விவரங்களை வைக்கும் கோப்புறையில் அந்தக் கணினியின் பெயரில் சேமிக்கிறேன். அது இரகசியம் அல்ல, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கலாம்.

ஏன் சேமிக்கவேண்டும், ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கலாமே? என் முதல் பிளேபுக் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் கிளிநொச்சியில் கரண்ட் இல்லை. நான் மானிப்பாய்க்கு ஏதோ மாற்றம் செய்ய ஓட்டினேன். பதில் சொல்லாத கிளிநொச்சி, நடுச் சேர்வரின் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. மாலையில் கரண்ட் வந்ததும் அங்கிருந்து அழைப்பு: “அண்ணை, ஒண்டும் போகுதில்லை.” அந்த நேரம் யார் விழித்திருக்கிறார்கள் என்பதை வைத்து அங்கத்தவர்களைத் தீர்மானித்தால் இப்படித்தான் ஆகும்.

சேர்வர்க் கோப்பு

சேர்வரின் அமைப்புக் கோப்பை முழுவதுமாக வார்ப்புருவிலிருந்து எழுதுங்கள். இன்வென்ரறியில் உள்ள ஒவ்வொரு கிளையன்ற்றுக்கும் ஒரு பியர் பகுதி என்று ஒரு சுற்று, அவ்வளவுதான். புதியவர்கள் பெரும்பாலும் செய்வது லைன்இன்பைல் போன்ற மொட்யூலால் வரி வரியாகச் சேர்த்துக்கொண்டு போவது. சேர்ப்பதற்கு அது வசதி. ஆனால் ஒருவரைப் பட்டியலிலிருந்து எடுத்த பிறகும் அவருடைய பியர் பகுதி கோப்பில் சத்தமில்லாமல் கிடக்கும். வேலையை விட்டுப்போனவர் ஒரு வருடத்துக்குப் பிறகும் உள்ளே வரலாம்.

மாற்றம் வந்தால் ஹேண்ட்லர் (மாற்றம் நடந்தால் மட்டும் ஓடும் பணி) மூலம் சேவையை மறுதொடக்கம் செய்யாமல் ரீலோட் மட்டும் செய்யுங்கள். ரீலோட் உள்ளே ஓட்டுவது டபிள்யூ.ஜி. சிங்க்கொன்ப், நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளை அது அறுக்காது. இதில் ஒரு பொறி இருக்கிறது: மேலே சொன்ன போஸ்ட்அப் தந்திரத்தைச் சேர்வரில் செய்யவேண்டாம். சிங்க்கொன்ப் வாசிக்கும் கோப்பில் இரகசியத் திறப்பு இல்லாவிட்டால், இருக்கும் திறப்பையும் அழித்துவிடும். சேர்வரின் திறப்பை மட்டும் அன்சிபிள் வால்ற்றில் பூட்டிவைத்து, வார்ப்புருவில் நேராக எழுதுங்கள். வால்ற்றின் கடவுச்சொல் கிட்டுக்குள் போகக்கூடாது. அந்தப் பணியில் நோ லொக் என்ற வரியைச் சேர்த்தால் திரையிலும் திறப்பு தெரியாது.

ஓட்டுவதும் கொண்டுபோவதும்

4ஜி ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு வெளியிலிருந்து எஸ்.எஸ்.எச். போகமுடியாது, வி.பி.என். இருந்தால்தான் போகலாம், அந்த வி.பி.என்.ஐத்தான் நாம் இன்னும் அமைக்கவில்லை. எனவே முதல் ஓட்டத்தை மினி கணினிகளை நகரத்து ஆய்வுகூட மேசையில் வரிசையாக வைத்து, உள் வலையிலேயே செய்யுங்கள். முதலில் செக் (எதையும் மாற்றாமல் ஓட்டுவது), டிப் (என்ன மாறும் என்று காட்டுவது) இரண்டையும் சேர்த்து ஒத்திகை, பிறகு லிமிற் கொடுத்து ஒரு கணினி, அது சரி என்றால் மற்றவை. புதுக் கணினியில் செக் சில பணிகளில் பிழை காட்டும், ஏனெனில் திறப்புக் கோப்பு இன்னும் பிறக்கவில்லை. பயப்படவேண்டாம்.

கணினிகள் போய்ச்சேர்ந்ததும் இன்வென்ரறியில் அவற்றின் முகவரியை உள் வலை எண்ணிலிருந்து 10.77 எண்ணுக்கு மாற்றுங்கள். உங்கள் லப்டொப்பும் அந்த வலையில் இருக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தூரத்திலிருந்து மாற்றும்போது

வி.பி.என். வழியாகப் போய் வி.பி.என்.ஐயே மாற்றுவது நுனிமரத்தில் இருந்து அடிமரத்தை வெட்டுகிற வேலை. நெடுந்தீவுக் கணினியில் அலவ்ட் ஐ.பி.ஸில் 10.77ஐ 10.17 என்று அடித்து அனுப்பினேன். அன்சிபிள் சொன்னபடி செய்தது. அடுத்த நாள் நான் படகில்.

அதற்குப் பிறகு பிளேபுக்கில் இப்படிச் சேர்த்தேன். முதலில் பழைய கோப்பின் பிரதியொன்றை வை. சிஸ்டம்டி ரன் மூலம், ஐந்து நிமிடத்தில் பழைய கோப்பைத் திரும்ப வைத்து சேவையை மறுதொடக்கம் செய்யும் ஒரு நேரப் பணியைப் போடு. பிறகு புதுக் கோப்பை எழுது, சேவையை மறுதொடக்கம் செய், இணைப்பு மீண்டும் வரும்வரை வெயிற் ஃபொர் கனெக்ஷன் மூலம் காத்திரு. வந்தால் அந்த நேரப் பணியை நீக்கு. வராவிட்டால் நீக்கும் கட்டளையும் போய்ச்சேராது, ஐந்து நிமிடத்தில் கணினி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு நுணுக்கம்: மறுதொடக்கத்தை ஹேண்ட்லரில் வைத்தால் அது பிளேயின் கடைசியில்தான் ஓடும், நீக்கும் பணி முந்திவிடும். காத்திருக்கும் பணிக்கு முன்னால் ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ் வரியைப் போட மறக்கவேண்டாம். சீரியல் 1 (ஒரு நேரத்தில் ஒரு கணினி) என்றும் எழுதுங்கள், ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தப்புவார்கள்.

வேலை செய்யாவிட்டால்

டபிள்யூ.ஜி. ஷோ தட்டுங்கள். லேற்றஸ்ட் ஹேண்ட்ஷேக் என்ற வரியே இல்லையென்றால் பிரச்சினை வாசலில்: போர்ட் மூடியிருக்கிறது, திறப்பு மாறியிருக்கிறது, அல்லது நேரம் பிழை. இந்த நேர விடயத்தை யாரும் முதலில் சந்தேகப்படுவதில்லை. வயர்கார்ட் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேர முத்திரையை வைக்கும், முன்னையதைவிடப் பழைய முத்திரை வந்தால் சேர்வர் ஏற்காது. மதர்போர்ட் பற்றரி செத்த பழைய கணினி கரண்ட் போய்வந்தபின் பின்தங்கிய திகதியோடு எழும்பினால் இதுதான் நடக்கும். இணையத்திலிருந்து நேரம் திருத்தப்பட்டதும் தானாகச் சரியாகும். ஆனால் அலவ்ட் ஐ.பி.ஸில் 0.0.0.0/0 போட்டிருந்தால் நேரம் கேட்கவும் சுரங்கம் வேண்டும், சுரங்கம் திறக்க நேரம் வேண்டும். புதுப் பற்றரி போடுவது சுகம்.

கைகுலுக்கல் இருக்கிறது, மூன்று நிமிடத்துக்கு மேல் பழையதாகவும் இல்லை, ஆனால் ஆய்வுகூடச் சேர்வர் எட்டவில்லை என்றால், அலவ்ட் ஐ.பி.ஸ், பார்வேர்டிங், யு.எப்.டபிள்யூ. ஊடுவழி விதி என்ற வரிசையில் பாருங்கள். பிங் போகிறது, ஆனால் பக்கம் பாதியில் தொங்குகிறது என்றால் எம்.ரி.யு. (ஒரே தடவையில் அனுப்பும் துண்டின் உச்ச அளவு) பெரிதாக இருக்கலாம். வயர்கார்ட் வழமையாக எடுப்பது 1420, இன்ரபேஸ் பகுதியில் 1280 என்று குறைத்துப் பாருங்கள்.

விண்டோஸ் லப்டொப் இரண்டு மூன்றுதான் என்றால் அன்சிபிளால் அதைத் துரத்தவேண்டாம். வயர்கார்ட்டின் விண்டோஸ் செயலியிலேயே வெற்றுச் சுரங்கம் ஒன்றைச் சேர்த்தால் அது திறப்பை அங்கேயே உருவாக்கும். பொதுத் திறப்பை மட்டும் வாங்கி ஹோஸ்ட் வார்ஸில் எழுதுங்கள். போன்களுக்கும் அதே வழிதான்.

ஒருவரை எடுத்துவிடுவது

போன மாதம் ஒரு லப்டொப் பஸ்ஸில் தவறவிடப்பட்டது. இன்வென்ரறியில் அந்தப் பெயருள்ள வரியையும் ஹோஸ்ட் வார்ஸ் கோப்பையும் அழித்து, சேர்வருக்கு மட்டும் பிளேபுக்கை ஓட்டினேன். டிப் திரையில் அந்தப் பியர் பகுதி சிவப்பில் வெளியேறியது. பிறகு சேர்வரில் டபிள்யூ.ஜி. ஷோ தட்டி, அந்தப் பொதுத் திறப்பு இல்லை என்று கண்ணால் பார்த்தேன். மாற்று லப்டொப் வந்தபோது அதற்குப் புதுத் திறப்பு, புது முகவரி. பழைய எண்ணை ஒரு மாதத்துக்கு யாருக்கும் கொடுப்பதில்லை, சேர்வர்ப் பதிவுகளில் பழைய ஆளையும் புதிய ஆளையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க.